செவ்வாய்க்கிழமை சாத்திய நடை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டர் போனால் சிறுவாச்சூர். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் செவ்வாயோ புதனோ வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு மதுரகாளியம்மனைக் கும்பிட உள்ளே போவார்கள். நடை சாத்தியிருக்கும். பூசாரி எங்கே போயிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால், அம்மனே மலைக்குப் போயிருக்கிறாள் என்று பதில் கிடைக்கும். திங்களும் வெள்ளியும்தான் அவள் இங்கே. சில விசேஷ நாட்கள் நீங்கலாக, மற்ற ஐந்து நாளும் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள்.

அவளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. கடல் கடந்து போனவர்களும் ஊருக்கு வரும்போது திங்கள், வெள்ளி பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். மாவிளக்கு போடுகிறவர்கள் கோயில் வளாகத்திலேயே அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அங்கேயே விளக்கேற்றுவது வழக்கம். அந்த உரல்களும் ஐந்து நாள் சும்மா கிடக்கும். பக்தர் கூட்டம் பெருகிவிட்டது, புதன்கிழமையும் திறந்தால் என்ன என்று கேட்பவரிடம் ஊர் சொல்லும் ஒரே பதில், அன்றைக்கு அவள் இல்லையே என்பதுதான்.

தலவரலாறு இப்படிப் போகிறது. ஆதியில் இது செல்லியம்மன் குடியிருந்த இடம். மந்திரவாதி ஒருவன் தன் மந்திர பலத்தால் அவளைக் கட்டிப்போட்டு, தான் ஏவிய வேலைக்கெல்லாம் பயன்படுத்திவந்தான். மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். மதுரையை எரித்த கண்ணகியின் கோபமே அந்தக் காளி என்று சொல்பவர்களும் உண்டு. செல்லியம்மன் தன் நிலையைச் சொல்லி அழ, காளி அன்றிரவே மந்திரவாதியை எதிர்கொண்டு அழித்தாள். விடுபட்ட செல்லியம்மன், இந்த இடத்தை நீயே வைத்துக்கொள், நான் மலைக்குப் போகிறேன் என்றாள். காளி ஒப்புக்கொண்டாள். ஆனால் முதல் மரியாதை உனக்குத்தான் என்று வாக்கும் கொடுத்தாள்.

இதை ஊர் வீரக்கதையாகத்தான் சொல்கிறது. ஆனால் ஏவல் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். பில்லி, சூனியம் என்ற வரிசையில் வரும் அதே சொல்தான், எசமானின் கட்டளைக்கும் அதைச் செய்து முடிக்கும் ஆளுக்கும் தமிழில் பெயர். சக்தி வற்றாத ஒரு தெய்வத்தையே ஓயாத வேலைக்குக் கட்டிவைக்க முடியும் என்று இந்தக் கதை நம்புகிறது. கட்டு அறுந்ததும் அந்தத் தெய்வம் பழிவாங்கக் கிளம்பவில்லை, புதுக் கோயிலும் கேட்கவில்லை. மலைக்குப் போய் இருக்க வேண்டும் என்றது. சாத்திய நடைக்குப் பின்னால் இருப்பது அடிமைத்தனத்தின் நினைவு.

இனி வானத்துக்கு வருவோம். சிறுவாச்சூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் திருச்சி. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போகிறவர்கள் விமானம் ஏறும் இடம் அது. 2024 அக்டோபர் 11 அன்று மாலை 5.40 மணிக்கு அங்கிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருள் நிறைந்த பாரத்தோடு உடனே இறங்க முடியாது. எரித்துத் தீர்ப்பதற்காக அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி, புதுக்கோட்டை வானில் வட்டமடித்தது. 141 பயணிகள். கீழே ஆம்புலன்ஸுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. தொலைக்காட்சி முன்னால் தமிழ்நாடே உட்கார்ந்திருந்தது. இரவு எட்டே கால் மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. முதலமைச்சர் உட்படப் பலரும் விமானியையும் குழுவினரையும் பாராட்டினார்கள்.

அது வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூரில் நடை திறந்திருக்கும் நாள். அது ஆயுத பூஜை நாளும்கூட. அரிவாள், ஏர், தையல் எந்திரம், லாரி, லேத் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, அன்றைக்கு அவற்றைத் தொடாமல் ஓய்வு கொடுப்பது நம் வழக்கம். இரும்புக்கும் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று கண்டுபிடித்த சமூகம் இது. அந்த நாளில், அந்த இரண்டரை மணி நேரம் விமானத்துக்குள் இருந்த ஊழியர்களின் முகத்தைத்தான் பயணிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். விமானப் பயணத்தில் ஏதாவது வித்தியாசமாகக் குலுங்கினால் நாம் ஜன்னலைப் பார்ப்பதில்லை, பணிப்பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் அமைதியாக இருந்தால் நமக்கு ஆபத்தில்லை. அந்த அமைதிக்கு என்ன விலை என்று பயணிகள் கேட்பதில்லை. அந்தக் கோளாறுக்கும் களைப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் அப்படி ஒரு மாலைக்கு வேண்டிய நிதானம் எங்கிருந்து வருகிறது, எதனால் வற்றுகிறது என்பதைக் கேட்க அது நல்ல இடம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் அந்தக் கேள்வியைக் கேட்டார். டெல்டா நிறுவன விமானப் பணிப்பெண்களின் பயிற்சியைக் கூர்ந்து கவனித்து அவர் எழுதிய புத்தகம், உணர்வையே உழைப்பாக விற்கும் தொழில் ஒன்று உண்டு என்று உலகுக்குச் சொன்னது. தட்டு தூக்குவது கையின் வேலை. கோபத்தை விழுங்கி, உள்ளிருந்தே வருவதுபோல ஒரு சிரிப்பை வரவழைப்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கூலி கிடையாது. மாலையில் யூனிஃபார்மைக் கழற்றிய பிறகு, எந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் போகும் அபாயம் இருக்கிறது என்றார் அவர்.

தமிழ் நாட்டார் சமயம் இந்த இடத்தில் பெரியதோர் அறிவைப் பொத்தி வைத்திருக்கிறது. கோபத்துக்கு அது கோயில் கட்டியிருக்கிறது. காளியிடம் போகிற யாரும் அவள் தனக்காகச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. விரித்த சடையும் சினந்த விழியுமாக அவளை அப்படியே ஏற்று, அவள் முன்னால்தான் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டிலும் வேலையிலும் கோபப்பட அனுமதியில்லாத பெண்கள் காலங்காலமாக அவளிடம் போய்த்தான் சாமியாடித் தீர்த்தார்கள். 36,000 அடி உயரத்தில் டிராலி தள்ளிக்கொண்டு போகிறவருக்கு அந்த வாசல் இல்லை. உயரம் குறைவு, எடை அதிகம், வயது கூடிவிட்டது என்று எடைபோடப்பட்ட வரலாறும் அவர்களுக்கு உண்டு. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை ஏர் இந்தியா வைத்திருந்தது. நர்கேஷ் மீர்ஸா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கிய பிறகே அது போனது.

மனம் இப்படி என்றால், உடம்பின் கணக்கு இன்னும் கறாரானது. பழந்தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது. அதில் கடைசி வைகறை, இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. விமானப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், மனித உடம்பு மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும் நேரம் என்று குறிப்பதும் ஏறக்குறைய இதே நான்கு மணி நேரத்தைத்தான். உடல் சூடு இறங்கும், கவனம் சிதறும், எவ்வளவு காபி குடித்தாலும் இமை அழுந்தும். வளைகுடா விமானங்களில் நிறைய இந்த வைகறையில்தான் இறங்குகின்றன. போன குழுவே திரும்பவும் கொண்டுவரும் பயணம் என்றால், முதல் நாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் கிளம்பியவர்கள் மறுநாள் காலை வெயிலில் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தெருவே விழித்து இரைகிற நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கப் பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்து ரோஸ்டர் தலைகீழாகும், அதிகாலை நான்கு மணிக்கு பிக்கப் கார் வாசலில் நிற்கும். ஸ்டாண்ட்பை நாள் என்றால் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, போன் அடிக்குமா அடிக்காதா என்று அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும். அது வேலையும் அல்ல, ஓய்வும் அல்ல.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம். முந்தின இரவு மங்களூரிலிருந்து அதே குழுதான் அதை துபாய்க்கு ஓட்டிப் போயிருந்தது. காலை ஆறு மணி கடந்து, ஓடுபாதையில் வெகுதூரம் தாண்டி இறங்கி, மேட்டு நிலத்தின் விளிம்பிலிருந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை, காக்பிட் குரல் பதிவில் இருந்த மூச்சொலியைக் கேட்டது. கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார். விழித்தபிறகும் அவருடைய தீர்மானங்கள் தெளிவாக இல்லை. துணை விமானி, மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. அறிக்கை இந்த நிலைக்கு ஓர் அறிவியல் பெயர் சூட்டுகிறது. நம் வீடுகளில் அதைத் தூக்கக் கலக்கம் என்று சொல்வோம். குழந்தையை எழுப்பிப் பள்ளிக்குக் கிளப்பும் தாய்மார்களுக்குத் தெரிந்த அதே கலக்கம்.

அந்தக் கேப்டனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்வியில்தான் நம்முடைய அறநூல் மரபு சற்றுத் தடுமாறுகிறது. திருக்குறளில் மடியின்மை என்று ஓர் அதிகாரமே உண்டு. குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தில், எடுத்த காரியத்தில் கண்ணாக இருப்பவர் உடல் வலியையும் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தமாட்டார் என்ற பொருளில் வரும் பாடலைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் குறைவு. விழித்திருப்பதை நாம் அறம் என்று கற்றோம், தூக்கத்தைக் குற்றத்தின் பக்கம் நிறுத்தினோம். மடி வேறு, அசதி வேறு. மடி என்பது உடம்பு ஒத்துழைத்தும் மனம் மறுப்பது. அசதி என்பது மனம் இழுத்தும் உடம்பு வராமல் போவது. குமரகுருபரர் காலத்துப் புலவரும் அமைச்சரும் கண் விழித்தால் கெடுவது அவர்களுடைய கண் மட்டும். நூற்றைம்பது உயிரைச் சுமக்கிறவர் கண் விழித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது அந்தப் பாடலுக்கே செய்யும் அநியாயம்.

கீதையும் இப்படித்தான் பாதியாகக் காட்டப்படுகிறது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற போதனை, ஊழியர் கூட்டங்களில் எத்தனை முறை எடுத்து நீட்டப்படுகிறது! அதே கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன், அளவுக்கு மீறித் தூங்குகிறவனுக்கு மட்டுமல்ல, அளவுக்கு மீறி விழித்திருக்கிறவனுக்கும் யோகம் கைகூடாது என்று சொல்கிறான். உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்தவனுக்கே துன்பம் தீரும் என்கிறான். போர்க்களத்தில் நின்றுகொண்டு, அடுத்து சண்டை செய்ய வேண்டிய ஒருவனிடம் சொல்லப்பட்டது இது. அந்த அத்தியாயத்தை யாரும் சுவரொட்டியாக அடிப்பதில்லை.

சிறுவாச்சூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வழியில் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவரங்கம். அங்கே மூலவர் படுத்திருக்கிறார். அவர் உறக்கத்துக்குத் தமிழ் வைத்த பெயர் அறிதுயில். எல்லாவற்றையும் அறிந்தபடியே துயில்வது. தெய்வத்துக்குத்தான் அது வாய்க்கும். மனிதனுக்கு அறிவும் துயிலும் ஒரே நேரத்தில் வாய்ப்பதில்லை. 2022-இல் சேஃப்டி மேட்டர்ஸ் அறக்கட்டளை 542 இந்திய விமானிகளிடம் கேட்டபோது, 66 சதவீதம் பேர் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லாமலேயே காக்பிட்டில் கண் அயர்ந்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். சொல்லாமல் அயர்வதுதான் இதில் கொடுமை. நாசா 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பசிபிக் கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில் முன்கூட்டித் திட்டமிட்டு நாற்பது நிமிடம் ஓய்வு தரப்பட்டது. விமானிகள் சராசரியாக இருபத்தாறு நிமிடம்தான் தூங்கினார்கள். ஆனால் இறங்கும் கட்டத்தில், ஓய்வே எடுக்காதவர்களைவிட அவர்கள் தெளிவாக இருந்தார்கள். இருவரில் ஒருவர் காவல் இருக்க, மற்றவர் சொல்லிவிட்டுத் தூங்கினால் அது பாதுகாப்பு. வெட்கப்பட்டு ஒளித்துத் தூங்கினால் அதுவே ஆபத்து.

வெட்கத்தை நீக்குவது தனி மனிதரால் ஆகிற காரியம் அல்ல, விதிதான் அதைச் செய்ய வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரி 8 அன்று விமானிகளின் பணி நேர விதிகளைத் திருத்தி அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவு என்பது ஐந்து மணியோடு முடியாமல் ஆறு மணிவரை நீண்டது. வைகறை முழுதும் இரவுக்குள் வந்தது. இரவுப் பணியில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் அவகாசம் கேட்டன, நாள் தள்ளிப்போனது, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். தயாராவதற்குத் தாங்கள் போட்ட கணக்கு தவறியது என்று நிறுவனமே சொன்னது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக முடியாமல் தரையில் படுத்துக் கிடந்த பயணிகளின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்த வாரம் பலர் வாயில் வந்த வாக்கியம், விமானிகளுக்கு ஓய்வு கொடுத்ததால் நாடு நின்றுவிட்டது என்பது. ஓய்வு கொடுக்காமலேயே இத்தனை நாள் ஓடியது என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள் என்று பேசியவர்களுக்கு உறைக்கவில்லை.

அதே டிசம்பர் 5 அன்று இயக்குநரகம் ஒரு சிறு வரியைத் திரும்பப் பெற்றது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக்கூடாது என்ற வரி அது. நிர்வாகக் கண்ணுக்கு அது எண்களின் நகர்வு. சமயக் கண்ணுக்கு அதுதான் மையமான கேள்வி. தங்கை கல்யாணத்துக்கென்று ஒரு விமானி கேட்டு வாங்கிய விடுப்பும், உடம்பு மீள்வதற்காக விதி கொடுக்கும் ஓய்வும் ஒன்றா? முன்னது சலுகை, கேட்கவும் மறுக்கவும் இடமுண்டு. பின்னது உடம்பின் நியமம்.

யூத வேதத்தில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் அதற்குச் சொல்லும் காரணம் படைப்பு: ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில் காரணம் மாறுகிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட அன்று ஓய்ந்திருக்கட்டும். சிறுவாச்சூர்க் கதை இந்த இரண்டாவது காரணத்தின் உறவுக்காரி. ஓய்வை உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு என்று அது பார்க்கவில்லை. யாரும் இனி யாருடைய ஏவலிலும் முழுதாகக் கட்டுண்டவர் அல்ல என்பதற்கு வாரந்தோறும் எழுதப்படும் சாட்சியாக அதை வைத்திருக்கிறது.

தெய்வத்தின் ஓய்வும் இன்று பத்திரமாக இல்லை. அதே 2025 டிசம்பரில், பிருந்தாவனத்துப் பாங்கே பிஹாரி கோயிலின் தரிசன நேர மாற்றம் குறித்த வழக்கில், தெய்வம் ஓய்வெடுக்கும் நேரம் பறிபோகிறதே என்ற கவலை உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. பெருங்கோயில்களில் பள்ளியறை நேரம் கூட்டத்தைப் பொறுத்துச் சுருங்குவதை நாமே பார்க்கிறோம். கடவுளையே ஓவர்டைம் பார்க்கவைக்கும் காலம், பணிப்பெண்ணிடம் மட்டும் கருணை காட்டிவிடாது.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் ஊழியர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று தெரிவித்தார்கள். ஊதிய அமைப்பும், நிறுவன இணைப்புக்குப் பிறகு தங்களை நடத்திய விதமும் அவர்களுடைய குறைகள். நிறுவனம் இருபத்தைந்து பேரளவில் வேலைநீக்கம் செய்தது. மே 9 அன்று தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்து அது திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் நிஜமாகவே நோயாளிகளா என்று அப்போது கேலி பேசினார்கள். முடியவில்லை என்று நேராகச் சொல்ல வழியில்லாத இடத்தில் உடம்பைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

பயணியின் பங்கும் இதில் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. வைகறை விமானத்தின் டிக்கெட் மலிவு. அதில் ஏறுகிற பெரம்பலூர்க்காரர் ஷார்ஜாவின் கட்டடத் தளத்தில் வாரத்துக்கு ஒரே நாள் ஓய்வில் இரண்டு வருடம் உழைத்து, அந்தக் காசில் டிக்கெட் வாங்கியவராக இருக்கலாம். இடைவழியில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணும் அன்று தூங்கியிருக்கமாட்டார். ஓய்வற்ற ஒருவருக்கு ஓய்வற்ற மற்றொருவர் பரிமாறுகிறார். இருவருக்கும் நடுவே கோபம் எழுந்தால், அது இருவருடைய கோபமும் அல்ல.

திங்கட்கிழமை காலை சிறுவாச்சூரில் நடை திறக்கும். முதல் ஆளாக மாவிடிக்க வேண்டும் என்று விடியுமுன்னே வந்து உரலுக்குக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். உடுக்கை ஒலிக்கும். தீபாராதனை நேரத்தில், நேர்த்திக்கடனோடு கூட்டம் கருவறையைப் பார்த்துக் கைகூப்பி நிற்கையில், பூசாரி தீபத்தை உடனே காளிக்குக் காட்டுவதில்லை. முதலில் மலை இருக்கும் திசையை நோக்கிக் காட்டுகிறார். அங்கே இருப்பவளுக்கு, ஏவலிலிருந்து விடுபட்டு ஓய்ந்திருக்கப் போனவளுக்கு, கொடுத்த வாக்குப்படி முதல் மரியாதை. இங்கே வேலைக்கு வந்திருப்பவள் அதுவரை காத்திருக்கிறாள்.